கையா, காயா

ஃபிஜித் தீவின் சுவா நகரத்தில், சமபுலா பகுதியில் நான் குடியிருந்த வீட்டுக்குப் பின்னால் ஓர் ஓடை உண்டு. ஓடையின் மேல்பக்கம் இருந்த முலாம் பூசும் பட்டறையின் கழிவு அதில் கலக்கிறதா என்று கண்டுபிடிப்பதுதான் என் வேலை. நான் தண்ணீரை நம்பவில்லை. கழிவு இன்றைக்கு வரும், நாளைக்கு அடித்துக்கொண்டு போய்விடும். மட்டி அப்படியில்லை. முலாமில் சேரும் காட்மியம் என்ற நச்சு உலோகம் உடம்புக்குள் போனால், அதைப் பிடித்துக் கட்டிவைக்க ஒரு புரதத்தை அது அளவுக்கு மீறி உண்டாக்கும். அந்தப் புரதத்தை அளந்தால் போதும். ஃபிஜியில் அந்த மட்டிக்குக் 'கை' என்று பெயர். ஆய்வகத்தில் தினமும் அந்தச் சொல்லைச் சீட்டில் எழுதிப் புட்டிகளில் ஒட்டுவேன்.

கீழ்வீட்டில் இருந்த அக்காதான் வீட்டுக்காரி. கரும்பு வெட்ட மதராஸிலிருந்து வந்தவர்களின் வம்சம். மகனும் மருமகளும் ஃபிஜி இந்திதான் பேசுவார்கள். அக்காவுக்கு மட்டும், சின்ன வயதில் நாடி என்ற ஊரின் கோவிலில் பாடிப் பாடி, தமிழ் தங்கிவிட்டது. என்னைக் கண்டால் விடமாட்டாள். ஒவ்வொரு சொல்லையும் இழுத்து இழுத்துப் பேசுவாள். நான் பல்கலைக்கழகத்தில் பாடமும் நடத்தியதால் 'டீச்சரு' என்பாள்.

அந்த வருடம் ஆட்சியைக் கவிழ்த்தார்கள். சுவாவில் கடைகளை உடைத்தார்கள், ஊரடங்கு போட்டார்கள். நாடிப் பக்கம் மார்டின்டாரில் மகன் வேலை பார்த்த ஹோட்டல் காலியாகி, அவன் வீட்டோடு வந்துவிட்டான். நியூஸிலாந்து போகக் காகிதங்கள் தயாராயின. மருமகளுக்கு அப்போது ஐந்து மாதம்.

அந்தக் களேபரத்தில்தான் என் ஆய்வு முடிவும் வந்தது. சுத்தமான ஆற்றுக் 'கை'யில் இருந்ததைவிட எங்கள் ஓடைக் 'கை'யில் அந்தப் புரதம் பல மடங்கு. அறிக்கை எழுதிக்கொண்டு போனால், வாங்க வேண்டிய அலுவலகம் பூட்டிக் கிடந்தது; மறுநாள் போனபோதும் அப்படியே. அரசாங்கமே இல்லாத ஊரில் யாரிடம் கொடுப்பது? மேஜை இழுப்பறையில் போட்டு வைத்தேன்.

இரண்டு நாள் கழித்து, துணி காயப்போடும் இடத்தில் அக்காவைப் பார்த்தேன்.

"மருமக என்னக்கா சாப்பிடறா?"

"மார்க்கெட்டு பந்து, தொறக்கவே இல்ல. தெனம் கைய்தான். மவன் ஓடைக்குப் போயி கொண்டாறான்."

ஓடைக்கரையில் பலரும் கத்திரியும் வெண்டையும் போட்டிருந்தார்கள். தமிழில், அவள் இழுப்பில் காதில் விழுந்ததால் எனக்கு அது காயாகிவிட்டது.

"ரொம்ப நல்லதுக்கா. பிள்ளைத்தாச்சிக்கு நிறையக் குடுங்க."

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை. நியூஸிலாந்து போகப்போகிறோம், வந்து சாப்பிடு என்று மத்தியானம் கூப்பிட்டாள். சட்டியைத் திறந்தாள். தேங்காய்ப் பாலில் வாய் பிளந்து கிடந்தன மட்டிகள். மருமகள் தட்டு நிறையப் போட்டுக்கொண்டாள்.

"என்னக்கா இது?"

"கைதான். நீதான டீச்சரு நெறையக் குடுக்கச் சொன்னே?"

மருமகளின் தட்டைப் பிடுங்கினேன். அவள் மிரண்டுபோய்ப் புருஷனைப் பார்த்தாள். முலாம் பட்டறை, காட்மியம், புரதம் என்று எல்லாவற்றையும் உளறிக் கொட்டினேன். அக்கா திட்டவில்லை. சட்டியைத் தூக்கிப்போய் வாழை மரத்தடியில் குழிதோண்டிக் கொட்டினாள். திரும்பி வந்து ஒன்றே ஒன்று கேட்டாள்.

"ஒனக்கு எப்பலேந்து தெரியும்?"

"மூணு வாரமா."

பூட்டிய அலுவலகத்துக்கு இரண்டு முறை நடந்தவள், பன்னிரண்டு படி இறங்கிச் சொல்லவில்லை. அந்த அவமானம் எனக்கு இன்றுவரை போகவில்லை.

அவர்கள் ஆக்லாந்து போய்ச் சேர்ந்தார்கள். சில மாதம் கழித்துத் தொலைபேசி வந்தது.

"பொம்பளப் புள்ள, டீச்சரு. கை காலெல்லாம் நல்லா இருக்கு!"

'கை' என்றதும் சட்டியில் கிடந்த மட்டிதான் எனக்கு நினைவுக்கு வந்தது. அவள் சொன்னது குழந்தையின் கையை என்று புரிய ஒரு நொடி ஆயிற்று. அவள் குரலில் அத்தனை சந்தோஷம். ஆனால் காட்மியம் கை காலில் தெரிவதில்லை. அது சிறுநீரகத்தில் போய் உட்காரும்.

"அக்கா, தாய்க்கும் பிள்ளைக்கும் சிறுநீரகத்தைச் சோதிக்கச் சொல்லுங்க. நாளைக்கே" என்றேன்.

மறுமுனையில் அக்கா மகனைக் கூப்பிட்டு, நான் சொன்னதை இந்தியில் சொல்வது கேட்டது.