எனக்குப் பெரிதான டிரை சூட்

காதரின் வலக்காது கேட்காமல் போனதற்கு நான்தான் காரணம். அவன் பதறினான் என்று ஊருக்கெல்லாம் சொன்னது பொய். பதறியவன் நான்.

காதர் என் மனைவி ஜரீனாவின் தம்பி. உத்தமபாளையத்துக்காரர்கள் நாங்கள் இருவரும், கேரள மலையில் இருந்த ஓர் அணையில் முக்குளிப்பு வேலை பார்த்தோம். மதகுக் கம்பிகளில் சிக்கும் மரங்களையும் சேற்றையும் அகற்ற வேண்டும். அங்கே தண்ணீர் எலும்பைக் குடையும். அதனால்தான் டிரை சூட் தேடினேன்... கழுத்திலும் மணிக்கட்டிலும் இறுகிப் பிடித்து, உடம்பில் ஒரு சொட்டு நீர் படாமல் காக்கும் உடை அது.

கொச்சியில் பழைய கப்பல் சாமான் விற்கும் கடையில் இரண்டு இருந்தன. ஒன்று கறுப்பு, முழங்காலில் ஒட்டுப் போட்டது, எனக்கு அளவெடுத்ததுபோல் பொருந்தியது. மற்றது சிவப்பு, பளபளப்பு. யாரோ ஓர் உயரமான வெள்ளைக்காரன் போட்டது.

"இது நிங்களுக்கு வலுதாணு, ரொம்பப் பெருசு. உள்ள காத்து இஷ்டம்போல ஓடும்" என்றார் கடைக்காரர்.

சிவப்பைத்தான் வாங்கினேன். ஆசைப்பட்டேன்! நீங்கள் ஆசைப்பட்டதே இல்லையா?

சில நாட்களிலேயே அது நடந்தது. மதகின் அடியைப் பார்க்கத் தலைகீழாகக் குனிந்தேன். உடைக்குள் இருந்த காற்று முழுவதும் கால்களுக்கு ஓடியது. கால்கள் பலூனாய் உப்பின. காற்றை வெளியேற்றும் வால்வு உடையின் கையில் இருந்தது, காற்றோ காலில். தலை கீழாக, கால் மேலாக, மேலே பறந்தேன்.

கீழே நின்ற காதர் வேலையை விட்டுவிட்டுப் பாய்ந்து வந்து என் இடுப்பைப் பிடித்தான். என்னோடு சேர்ந்து அவனும் அதே வேகத்தில் மேலே வந்தான். நீரின் அழுத்தம் சட்டென்று மாறியதில், கரையில் கிடத்தியபோது அவன் வலக்காதிலிருந்து ரத்தம் வழிந்தது.

ஒப்பந்தக்காரர் என்னிடம்தான் கேட்டார். உண்மையைச் சொன்னால் உடையும் போகும், வேலையும் போகும்.

"காதர் பதறிட்டாப்ல சார். என் காலப் புடிச்சு இழுத்துட்டாப்ல."

காதரை வீட்டுக்கு அனுப்பினார்கள். இப்போது கம்பத்திலிருந்து ஏலத் தோட்டங்களுக்கு ஜீப் ஓட்டுகிறான்.

அதன்பின் அந்த உடையை நான் கற்றேன். சுருளிப்பட்டியில் தெரிந்தவர் தோட்டத்துக் கிணற்றில் இறங்கி, கால் மேலே போனால் முழங்காலை மடக்கி உருண்டு நிமிரப் பழகினேன். காற்று பாதத்துக்குள் ஓடாமல் கணுக்காலில் பட்டை கட்டினேன். ஜிப்புக்கு மெழுகு தேய்த்தேன். வாங்குவதற்கு முன் தெரிந்திருக்க வேண்டியவை... தெரியும்தான். கடைக்காரர் சொன்னாரே!

அந்த உடையை நான் தூக்கி எறியவில்லை. அதை அணிந்து வருடக்கணக்கில் உழைத்தேன். என் பிள்ளைகள் அதில்தான் படித்தார்கள். அதற்காகவும் வெட்கப்பட வேண்டுமா? மாட்டேன்.

ஒருநாள் ஜீப் நிற்கும் இடத்தில் காதர் என்னை நிறுத்தினான்.

"நீங்க சொன்னது எனக்குத் தெரியும் மச்சான். அக்கா மனசு நோகும்னுதான் வாய மூடிக்கிட்டேன். நீங்களாச் சொல்லுவீகன்னு பாத்தேன்."

"சொல்லி என்ன ஆகப்போகுது மாப்புள?" என்றேன்.

அவன் வண்டியில் ஏறிப் போய்விட்டான்.

போன பெருநாளுக்கு வீட்டுக்கு வந்திருந்தான். பிரியாணி வைத்துக்கொண்டே ஜரீனா அவனிடம் சொன்னாள்: "தண்ணிக்குள்ள இவுகளக் கொல்லப் பாத்தவன் நீ. இவுக மட்டும் மன்னிக்கலேன்னா இந்த வாசல் மிதிச்சிருப்பியா?"

அவனுக்குச் சரியாகக் கேட்கவில்லை. இடக்காதைத் திருப்பினான். அவள் இன்னும் சத்தமாக, முழுவதையும் மறுபடி சொன்னாள்.

காதர் என்னைப் பார்த்தான்.

"போகட்டும் விடு ஜரீனா" என்றேன் நான், பெருந்தன்மையாக.