அந்தப் பிள்ளையிடம் ஒரு வார்த்தை

சின்னமனூர் கடைவீதியில், ஒரு ஸ்டுடியோ மாடியின் ஜன்னல் இல்லாத அறைக்குள் பதினேழு வருடம் வீடியோ எடிட்டிங் செய்தவள் ஜெபஷீலா. கல்யாணம், காதுகுத்து, சடங்கு என்று அக்கம்பக்கத்து நல்ல காரியமெல்லாம் அவள் கையால்தான் பென்டிரைவில் ஏறின. கம்பத்திலிருந்து கூடலூர் வரை எந்த வீட்டுப் பெண்ணுக்குக் கன்னத்தில் குழி விழும் என்பதுகூட அவளுக்கு அத்துப்படி. அவளை மட்டும் ஒருத்திக்கும் தெரியாது. பஸ் ஸ்டாண்டில் தெரிந்த முகத்தைக் கண்டால் சிரித்துவைப்பாள். எதிரே நிற்பவள், தனக்குப் பின்னால் யாராவது இருக்கிறார்களா என்று திரும்பிப் பார்ப்பாள்.

அம்மா போன பிறகு வீட்டிலும் ஆள் கிடையாது. தம்பி செல்வின் ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் கோயம்புத்தூரிலிருந்து போன் செய்து, "சாப்ட்டியாக்கா?" என்பான். சாப்பிட்டேன் என்பாள். அத்தோடு அந்த வாரத்துப் பேச்சு முடிந்தது. மற்ற நாளெல்லாம், யார் வீட்டுச் சொந்தபந்தமோ ஹெட்போனில் சிரிக்கிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டே மதியச் சோற்றைச் சாப்பிடுவாள். தனிமை என்று அவள் அதைச் சொன்னதில்லை, ஆனால் அதுதான்.

முதலாளி முத்துராஜா யூடியூபில் சேனல் ஆரம்பித்தபோது யோசனை சொன்னவளே இவள்தான். தலைப்பில் பெண்ணின் பெயரையும் ஊரையும் போட்டால் சொந்தக்காரர்கள் தேடிப் பார்ப்பார்கள் என்றாள். பார்த்தார்கள். சொந்தமே இல்லாதவர்களும் பார்த்தார்கள். "அக்கா மூளையே மூளை" என்று முத்துராஜா வருவோர் போவோரிடமெல்லாம் சொன்னார். பாராட்டு கேட்டுப் பழக்கமில்லாதவள், உச்சி குளிர்ந்துபோனாள். சின்னப் பிள்ளைகளின் பெயரை ஊர் உலகத்துக்கு ஒப்பித்துக்கொண்டிருக்கிறோம் என்பது மட்டும் அந்த மூளைக்கு உறைக்கவில்லை.

போன வருடம் ஜூனில் ஒரு வெள்ளிக்கிழமை, பிளஸ் ஒன் சீருடையில் ஒரு பெண் தனியாகப் படியேறி வந்து நின்றாள். பார்த்ததும் ஜெபஷீலாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது.

"நீ கூடலூர் செல்லப்பாண்டி மக ஜோதிகாதான? ஒங்க மாமா ஜீப்புல சீர் கொண்டுவந்தாகளே."

அந்தப் பெண் ஓரடி பின்னால் போனாள். "உங்களுக்கும் தெரியுமா?"

தேனியில் புதுப் பள்ளிக்கூடம், ஹாஸ்டல். சேர்ந்த மூன்றாம் நாள், கூடப் படிப்பவள் ஒருத்தி இவள் பெயரையும் ஊரையும் போட்டுத் தேடியிருக்கிறாள். நாலு வருடத்துக்கு முன்னால் அவள் வயசுக்கு வந்தபோது எடுத்த சடங்கு வீடியோ முதல் ஆளாக வந்து நின்றிருக்கிறது. இப்போது ஜோதிகா வகுப்புக்குள் நுழைந்தாலே அதில் வரும் பாட்டை முணுமுணுக்கிறார்களாம்.

"கீழ என்னென்ன எழுதியிருக்காகன்னு படிச்சீகளாக்கா?"

ஜெபஷீலா படித்ததே இல்லை. எத்தனை பேர் பார்த்தார்கள் என்பதோடு சரி. இப்போது படித்தாள். பன்னிரண்டு வயதுப் பிள்ளையைப் பற்றி முகம் தெரியாத ஆண்கள் எழுதியிருந்தார்கள். ஒன்பதாவது வரியில் நிறுத்திவிட்டாள்.

"அப்பா வந்து சொல்லட்டும்த்தா, எடுத்துருவோம்" என்றார் முத்துராஜா. அங்கேயே செல்லப்பாண்டிக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார்.

"நாலு லட்சம் பேரு பாத்திருக்காக. எங்க வீட்டு விசேசம், அதுல என்ன வெக்கம்? மொதல்ல அவள பஸ் ஏத்திவிடுங்க" என்றது அந்தப் பக்கத்துக் குரல்.

ஜோதிகா பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். "அன்னைக்கே வீடியோ வேணாம்னு அழுதேங்க்கா. அது மட்டும் வீடியோல வரவே இல்ல" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனாள்.

ஜெபஷீலா பழைய ஹார்ட் டிஸ்க்கைத் தேடி எடுத்து, வெட்டாத வீடியோவைப் போட்டாள். இருந்தது. நாற்பது வினாடி. மாலையும் கழுத்துமாக உட்கார்ந்திருந்த பிள்ளை, "வேணாம்மா, கேமராவப் போகச் சொல்லும்மா" என்று தேம்பியது. நல்ல காரியத்தில் அழுகை எதற்கென்று அதை வெட்டி, அந்த இடத்தில் பாட்டைப் போட்டவள் தானேதான் என்பது ஜெபஷீலாவுக்கு நினைவு வந்தது. அவமானத்தில் காது சுட்டது.

அவள் யாரையும் கேட்கவில்லை. சாயங்காலத்துக்குள் ஜோதிகாவின் வீடியோவைச் சேனலிலிருந்து எடுத்தாள். மறுநாள் உட்கார்ந்து, பெயரும் ஊருமாகத் தான் போட்ட மற்ற முன்னூற்றுப் பன்னிரண்டு சடங்கு வீடியோக்களையும் எடுத்தாள். ஜோதிகாவின் வீடியோவை வேறு மூன்று சேனல்காரர்கள் சுட்டுப் போட்டிருந்தார்கள். புகார் கொடுத்ததில் இரண்டு போயிற்று. ஒன்று இன்னும் இருக்கிறது. தினமும் காலையில் காப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, அது போய்விட்டதா என்று பார்க்கிறாள்.

முத்துராஜா கத்தவில்லை. "கிளம்புங்கக்கா" என்று மட்டும் சொன்னார். மற்ற ஸ்டுடியோக்காரர்களுக்கும் விஷயம் போய்விட்டது. அந்தம்மாவை நம்பிக் கொடுத்தால் அழித்துவிடும் என்று பேசிக்கொண்டார்கள்.

அப்புறம் ஒரு நாள் தேனி பஸ் ஸ்டாண்டில் ஜோதிகாவைப் பார்த்தாள். இரண்டு தோழிகளோடு எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தது பிள்ளை. அந்த வீடியோவின் ஞாபகமாகப் போய் அவள் முன்னால் நிற்க ஜெபஷீலாவுக்கு மனசு வரவில்லை. சிரித்துவைக்காமல் ஒரு தூணுக்குப் பின்னால் நகர்ந்துகொண்டாள்.

இப்போது வீட்டிலிருந்தே வேலை. கேமராக்காரர் ஒருவரைப் பேசி வைத்திருக்கிறாள். ஆனால் சடங்கு என்று யார் கேட்டாலும், முதலில் அந்தப் பிள்ளையிடம் ஒரு வார்த்தை பேச வேண்டும் என்பாள். "எங்க பிள்ளகிட்ட நீ என்ன கேக்குறது?" என்று போனை வைத்துவிடுவார்கள். மாதக்கணக்காக ஹெட்போன் ஆணியில் தொங்கியபடியே இருந்தது. வீட்டில் சத்தமென்று இருந்தது மின்விசிறி மட்டும்தான்.

போன வாரம் ஆண்டிபட்டியிலிருந்து முத்துலட்சுமி என்ற ஒரு தாய் கூப்பிட்டாள். நிபந்தனையைக் கேட்டுச் சிரித்துவிட்டு, "பேசுங்க, அவ என்ன சொல்லப்போறா" என்று மகள் ஓவியாவிடம் போனைக் கொடுத்தாள்.

வீடியோ யூடியூபில் போனால் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்று ஜெபஷீலா விவரமாகச் சொன்னாள்.

"நான் வேணாம்னா போட மாட்டீகளா?"

"மாட்டேன்."

"கேமராவே வேணாம்னா?"

இத்தனை நாளில் வந்த ஒரே வேலை. இருந்தும் ஜெபஷீலா சொன்னாள், "அதுவும் ஒன் இஷ்டந்தான்த்தா."

"அப்ப வேணாங்க்கா" என்றது பிள்ளை. பயந்த மாதிரி தெரியவில்லை.

போன் கை மாறியது. "என்ன சொன்னா? சரின்னுட்டாளா?" என்று முத்துலட்சுமி கேட்டாள்.

ஒரு சொல்தான். பிள்ளை வெட்கப்படுகிறது, நீங்களே பார்த்து முடிவெடுங்கள் என்று மழுப்பியிருக்கலாம். வேலையும் கிடைத்திருக்கும், நாலு நாளைக்கு வீட்டில் மனுசர் குரலும் கேட்டிருக்கும்.

"வேணாம்னு சொல்லிட்டாக்கா" என்றாள் ஜெபஷீலா. "கேமராவும் வேணாமாம்."