கலர் வந்துருச்சு!

போன சனிக்கிழமை கடல் தாண்டப் பெர்ரி பிடித்து, பாகான் டாலாமில் இருக்கும் தங்கச்சி வீட்டுக்குப் போனேன். வழியில் கிடந்ததே என்று அவள் மகள் தர்ஷினியின் பள்ளிப் பையை நகர்த்தினேன். சரசரவென்று மாத்திரை அட்டைகள் விழுந்தன. எல்லாம் இரும்புச்சத்து மாத்திரை. எட்டு அட்டை... ஒன்றுகூடப் பிரிக்கவில்லை!

பதினாறு வயசுப் பெண். முந்தின நாள்தான் கிளினிக்கில் சொல்லியிருந்தார்கள் — ரத்தம் மறுபடி குறைந்துவிட்டது, இன்னும் குறைந்தால் வார்டில் சேர்த்து ரத்தம் ஏற்ற வேண்டிவரும் என்று. "தினம் மாத்திரை போடுறாளேக்கா, எப்படிக் குறையும்?" என்று தங்கச்சி போனில் அழுதாள். இப்படித்தான் குறையும்.

முதலிலிருந்து சொல்கிறேன். போன தீபாவளிக்கு தர்ஷினியைப் பார்த்த எல்லாருக்கும் ஒரே பேச்சு. "அடேயப்பா, நல்லா கலர் வந்துருச்சே!" என்ன கிரீம், என்ன சோப்பு என்று ஒரே விசாரணை. கறுப்பாகப் பிறந்த பெண்ணிடம் நம் ஜனங்கள் இவ்வளவு அன்பாக என்றைக்குப் பேசியிருக்கிறார்கள்? பிள்ளைக்குத் தலைகால் புரியவில்லை.

இரண்டு மாதம் கழித்து, பள்ளியில் காலைச் சபைகூடலில் வரிசையில் நின்றவள் அப்படியே மயங்கி விழுந்தாள். டாக்டர் அவளுடைய கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். "வெளுத்துப் போயிருக்காளே, வீட்ல யாரும் கவனிக்கலையா?"

"இல்ல டாக்டர், இப்பதான் கொஞ்சம் கலரா ஆயிட்டு வர்றா..." என்றாள் தங்கச்சி.

"அது கலர் இல்லம்மா. உடம்புல ரத்தம் இல்ல."

அப்புறம்தான் ஒவ்வொன்றாக வெளியே வந்தது. மாதவிலக்கு வந்தால் பத்து நாள் நிற்காதாம். தாயிடம்கூட மூச்சு விடவில்லை. காலையில் தே ஓ, அதாவது பால் போடாத டீ மட்டும். கென்டீனில் எதுவும் வாங்க மாட்டாள் — டயட்டாம்! தங்கச்சிக்கு பேக்டரியில் ஷிப்ட் வேலை. பிள்ளை சாப்பிட்டாளா என்று பக்கத்தில் நின்று பார்க்க முடிகிறதா? யாரைக் குறை சொல்ல?

மாத்திரை ஆரம்பித்தாள். டீயோடு போடாதே, சத்து உடம்பில் சேராது என்றார் டாக்டர். அதையும் கேட்டாள். மூன்று மாதத்தில், படி ஏறினால் மூச்சு வாங்குவது நின்றது. பழைய வாய்த்துடுக்கு திரும்பி வந்தது. பழைய நிறமும்தான்.

வந்தது வினை. புக்கிட் மெர்தாஜாமில் ஒரு கல்யாணம். சாப்பிட்டுக்கொண்டிருந்த பெண்ணைப் பார்த்து ஒரு அத்தை, "என்னா தர்ஷினி, இப்படிக் கறுத்துட்டே? முன்ன எவ்ளோ அழகா இருந்தே லா!"

அவ்வளவுதான். அன்றிலிருந்து மாத்திரை வாய்க்குள் போகவில்லை, பைக்குள் போனது.

அட்டைகளைக் கையில் வைத்துக்கொண்டு, "ஏண்டி, உயிரைவிட நிறமா பெரிசு?" என்று கத்தினேன்.

அவள் கத்தவில்லை. கத்தவும் தெம்பில்லை.

"தீபாவளிக்கு முதல்ல சொன்னது நீங்கதான் பெரியம்மா. என்னைக் கட்டிப் பிடிச்சு, 'இப்பதான்டி பார்க்க லட்சணமா இருக்கே'ன்னீங்க. அதுக்கு முன்ன நீங்க என்னைக் கட்டிப் பிடிச்சதே இல்ல."

யோசித்துப் பார்த்தேன்... உண்மைதான். பாவி, எனக்கு ஞாபகம்கூட இல்லை. அன்று வாய் நிறைய என்னென்னவோ சமாதானம் சொன்னேன், கெஞ்சினேன். தலையை மட்டும் ஆட்டினாள். மாத்திரை போடுவாள் என்று எனக்கு நம்பிக்கை இல்லை.

வாராவாரம் பத்திரிகையின் இந்த மூலையில் உட்கார்ந்து ஊருக்கே புத்தி சொல்கிறேன் — நான் சொன்னதை அப்படியே நம்பிய ஒரே ஆள் இவள்தான்.