பணத்தை எடுக்கும் பொத்தான்

பத்தாவதோடு பள்ளியை விட்டவன் நான். திருப்பூரில் பனியனுக்குப் படம் அச்சடித்தேன். சூரத்தில் சேலைக்குப் பூ வரைந்தேன். அந்தப் பட்டறை மூடியதும் ரயிலேறி டெல்லிக்கு வந்து, முனிர்காவில் ஜன்னல் இல்லாத அறை ஒன்றைப் பிடித்தேன். கம்ப்யூட்டரில் வரையப் பழகியிருந்ததால் ஒரு சின்ன கம்பெனி என்னை எடுத்துக்கொண்டது. இளைஞர்கள் செல்போனிலேயே முதலீடு செய்ய ஓர் ஆப் செய்துகொண்டிருந்தார்கள். அதன் தமிழ்த் திரைகளை வரைவது என் வேலை.

பணம் போட்டதும் திரையில் தங்கக் காசு மழை கொட்டும். வரைந்தது நான்தான். நன்றாகவே வந்திருந்தது.

வெளியிடும் முன் நாலு பேரிடம் கொடுத்துப் பார்ப்பார்கள். என் அறைக்கு மேல்மாடியில் நாகர்கோவில் பக்கத்து நர்ஸ்கள் மூன்று பேர் ஒரே அறையில் இருந்தார்கள். ஒருத்தியின் போனில் ஆப்பை ஏற்றிக் கொடுத்தேன். சில நாள் கழித்து இறங்கி வந்தாள்.

"அண்ணே, மழையெல்லாம் கொள்ளாம். போட்ட பைசாவ எப்படி எடுக்கது?"

"எந்தப் பைசா?"

"மூணு பேர் வாடகையும் எங்கிட்டதான இருக்கும். சும்மா கெடக்கேன்னு போட்டேன். ஒண்ணாந்தேதி விடிஞ்சா வீட்டுக்காரன் கதவத் தட்டுவான்."

முனிர்காவில் அப்படித்தான். அறைக்கு ஒருவர் போனில் எல்லோருடைய வாடகையும் சேரும். அவள் போனை வாங்கித் தேடினேன்; அந்தப் பக்கத்துத் திரைகள் என் கைக்கு வந்ததில்லை. சுயவிவரம், அதற்குள் அமைப்புகள், அதற்குள் வங்கிக் கணக்கு, அதன் அடியில் சாம்பல் நிறத்தில் 'மற்றவை'. பணம் எடுக்கும் வழி அங்கே ஒளிந்திருந்தது. நல்லவேளை, அவள் இன்னும் எந்தப் பங்கும் வாங்கியிருக்கவில்லை. பணம் தேதிக்கு முன் திரும்பியது.

"போடுறதுக்கு வாசல் வெச்சிய, எடுக்கதுக்கு எலிப்பொந்தா?" என்று கேட்டுவிட்டுப் படியேறினாள்.

மறுநாள் முதல் திரையில், 'பணம் போடு' பொத்தானுக்குப் பக்கத்தில், அதே அளவில், அதே பச்சையில் 'பணத்தை எடு' என்று ஒன்றை வைத்தேன்.

எங்கள் முதலாளி ஜனக்புரியில் பிறந்து வளர்ந்த தமிழர். என்னைவிட வயதில் சிறியவர்.

"அரே பாய், இது என்ன? முன்னாடியே வெச்சா எல்லாரும் எடுத்துட்டுப் போயிடுவாங்க. ஜல்தி தூக்கு."

"போறவங்க போகட்டும் சார். அவங்க பணம்."

"உனக்கென்ன? உன் பணமா?"

"உங்க பணமும் இல்லையே."

சுற்றி இருந்தவர்கள் அவரவர் லேப்டாப்பைப் பார்த்தார்கள்.

"பொத்தான் போகணும், இல்ல நீ போகணும். அச்சா?"

"அச்சா" என்று பையைத் தோளில் மாட்டினேன். அந்த மாதச் சம்பளம் வரவில்லை. நான் போய்க் கேட்கவும் இல்லை.

ஆப் வெளிவந்தது. காசு மழை என்னுடையது, பொந்து அவர்களுடையது. அறையில் உட்கார்ந்து ஒரு படம் வரைந்தேன். பணத்தை எடுக்கும் வழி முழுவதும், திரை திரையாக. அழுத்த வேண்டிய இடங்களில் சிவப்பு விரல். நர்ஸுக்கு அனுப்பினேன். அவள் மருத்துவமனை குரூப்பில் போட்டாள். அங்கிருந்து மாணவர்கள் குரூப்புகளுக்குப் போனது.

பழைய ஆபீஸிலிருந்து ஒருவர் போன் செய்தார். "யார் வரைஞ்சதுன்னு சார் கேக்கறாரு."

"நான்தான்னு சொல்லுங்க."

போன வாரம் ஆப்பைப் புதுப்பித்து வழியை மாற்றிவிட்டார்கள். நானும் படத்தை மாற்றிவிட்டேன்.