பின் சீட்டில் ஒரு தாய்மாமன்

குழந்தைகளோடு ஐந்து மணி நேரம் காரில் போகிறோம். வழியில் முதலில் வாந்தி எடுப்பது யார்?

மூன்றரை வயது மித்ராதான் என்று என் தங்கை செல்வி நினைத்தாள். ஆறு வயது கவின் என்று அவள் வீட்டுக்காரர், அதாவது எங்கள் மாப்பிள்ளை நினைத்தார். இரண்டு பிள்ளைகளுக்கும் பிளாஸ்டிக் கவர், மாற்றுத் துணி, எலுமிச்சம்பழம் எல்லாம் தயார்.

எடுத்தது நான்.

போன ஞாயிற்றுக்கிழமை மித்ராவுக்குக் காது குத்த, செங்கம் பக்கத்தில் இருக்கும் மாப்பிள்ளை வீட்டுக் குலதெய்வம் கோயிலுக்குக் கிளம்பினோம். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். அந்தத் தாய்மாமன் நான். சிக்கலே அங்கேதான்.

ஏற்கெனவே ஒருமுறை முயன்றாயிற்று. என் மடியில் வைத்ததும் அவள் போட்ட கூச்சலில், காது குத்த வந்த பத்தர் பெட்டியை மூடிவிட்டார். "கொழந்த மொதல்ல மாமாவோட பழகட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவள்மேல் தப்பில்லை. பெரியவர்களிடமே சேர்ந்தாற்போல் நாலு வார்த்தை பேசாதவன் நான். பெங்களூரில் நீலசந்திராவிலிருந்து எலெக்ட்ரானிக் சிட்டியில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போனால், ஓரமாக உட்கார்ந்து காபி குடித்துவிட்டுத் திரும்பிவிடுவேன். உங்களோடு மட்டும் வாராவாரம் இந்தப் பத்தியில் இப்படிப் பேசுகிறேனே என்றால்... நீங்கள் எதிரில் இல்லை பாருங்கள்.

"இந்தத் தடவையும் அழுதா, அவங்க வீட்டு ஆளுங்க யார் மடியிலாச்சும் வச்சிக் குத்திடலாம்னு மாமியார் சொல்றாங்கண்ணா" என்றாள் செல்வி. "எனக்கு நீதான் ஒக்காரணும். போற வழியில ஏதாச்சும் பேசு அவகிட்ட."

என்ன பேச?

பின் சீட்டில் என்னைப் பிள்ளைகளுக்கு நடுவில் உட்கார வைத்தாள். மித்ரா கதவோடு ஒட்டிக்கொண்டாள். "மாமா, ஸ்வல்ப தள்ளு" என்றாள். கொஞ்சம் என்பது அவளுக்குக் கன்னடத்தில்தான் வரும். தள்ள இடமில்லை. அந்தப் பக்கம் கவின்.

செல்வி போனில் வீடியோ வீடியோவாகப் பார்த்துத் தயாராகியிருந்தாள். ஸ்டிக்கர் புத்தகம், கலர் பென்சில், டப்பா டப்பாவாகத் தீனி, டவுன்லோடு செய்த பொம்மைப் படம்... அத்திப்பள்ளி டோல் வருவதற்குள் ஸ்டிக்கரெல்லாம் ஜன்னலில் ஏறிவிட்டன. ஓசூரில் பொம்மைப் படம் அலுத்துவிட்டது. சூளகிரி பக்கம் கவின் ஆரம்பித்தான்.

"அப்பா, கோயில் வந்துடுச்சா?"

"இன்னும் கொஞ்ச தூரம்டா."

இந்த ஒரு பொய்யை நம்பித்தானே நம் நாட்டில் எல்லாக் குடும்பங்களும் ஊருக்குப் போகின்றன?

நானும் தைரியத்தைத் திரட்டி, "ஸ்கூல்ல என்னம்மா சொல்லித் தராங்க?" என்று மித்ராவிடம் கேட்டேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். இந்தக் கேள்வியை மாமாக்கள் என்றைக்குத்தான் விடப்போகிறோமோ.

பஸ்ஸில் எவ்வளவு தூரம் போனாலும் எனக்கு ஒன்றும் ஆகாது. கண்ணாடி ஏற்றிய ஏசி கார்தான் ஒத்துக்கொள்ளாது. சிப்ஸ் வாசனை, மாப்பிள்ளையின் சென்ட் வாசனை... கிருஷ்ணகிரி தாண்டியதும் வயிறு புரட்டியது. "மாப்பிள்ளை, ஓரமா நிறுத்துங்க" என்றேன். என் குரல் முன் சீட்டை எட்டவில்லை. இன்னொரு முறை சொல்லக் கூச்சம்.

"அப்பா, மாமா மூஞ்சி ஒரு மாதிரி இருக்கு" என்றாள் மித்ரா.

வண்டி நின்றது. மிச்சத்தை விவரிக்க வேண்டாம். புளியமரத்தடியில் வாய் கொப்பளித்துவிட்டு, தலையைத் தூக்க வெட்கப்பட்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு சின்னக் கை பிளாஸ்டிக் கவரை நீட்டியது.

"இது என்னுது. நீ வச்சிக்கோ."

செல்விக்குச் சிரிப்பு. "மித்து, மாமாவ நீயே பாத்துக்கிறியா?"

"ம்."

அதோடு காரின் நிர்வாகம் கை மாறியது. "மாமா, போன் பாக்காத." "தூரமா பாரு." "எலுமிச்சங்கா மோந்துக்கோ." வீட்டில் அவள் வாங்கும் அதட்டல் எல்லாம் எனக்கு வந்தது. கண்ணாடியை இறக்கச் சொன்னாள், மாப்பிள்ளை இறக்கினார். கவின் சும்மா இருப்பானா? வண்டியை நிறுத்த இடம் பார்க்கும் வேலையை அவன் எடுத்துக்கொண்டான். "அப்பா, அதோ ஒரு மரம். மாமாவுக்கு நல்லா இருக்கும்."

கோயில் எப்போது வரும் என்று அப்புறம் யாரும் கேட்கவில்லை.

எனக்கும் ஒன்று புரிந்தது. பேச்சை ஆரம்பிக்கத்தான் எனக்கு வராது. கேட்டால் பதில் சொல்ல வரும். மித்ரா கேட்டுக்கொண்டே வந்தாள். சின்ன வயதிலும் இப்படித்தானா, அப்போது யார் கவர் பிடித்தார்கள், என் அம்மா அடிப்பாரா... ஒரு வருஷத்துக்குப் பேச வேண்டியதை அன்றே பேசிவிட்டேன்.

ஊத்தங்கரையிலேயே குமட்டல் நின்றுவிட்டது. வெளியே சொல்லவில்லை.

"இப்ப எப்படி இருக்கு, மாமா?"

"லேசா இருக்கும்மா."

அவள் என் நெஞ்சைத் தடவிவிட்டாள். மாப்பிள்ளை கண்ணாடியில் என்னைப் பார்த்தார். புரிந்துவிட்டது அவருக்கு. நல்ல மனுஷன், காட்டிக்கொடுக்கவில்லை.

கோயிலில் பத்தர் பாய் விரித்தார். "தாய்மாமன் ஒக்காருங்க."

உட்கார்ந்தேன். செல்வியின் மாமியார் பக்கத்திலேயே ஒரு வேட்டி கட்டிய உறவினரை நிறுத்தி வைத்திருந்தார். மித்ரா வந்தாள். என் முகத்தை ஒருமுறை உற்றுப் பார்த்தாள்.

"இங்க கார் இல்ல மாமா. பயப்படாத" என்று சொல்லிவிட்டு மடியில் ஏறி உட்கார்ந்தாள்.

ஒரு காது முடிந்ததும் ஊரே திரும்பிப் பார்க்கும்படி அழுதாள். பின்னே, வலிக்காதா? செல்வி பதறிப்போய்க் கையை நீட்டினாள். இவள் போகவில்லை. என் சட்டைக் காலரைப் பிடித்துக்கொண்டு, முகத்தை என் நெஞ்சில் புதைத்துக்கொண்டாள். அடுத்த காதையும் அப்படியே காட்டினாள். வேட்டி கட்டியவர் மெதுவாகப் பந்தி பக்கம் நகர்ந்தார்.

பிள்ளைகளோடு தூரப் பயணம் போகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். விளையாட்டுச் சாமான் எவ்வளவு வாங்கினாலும் பாதி வழிகூட வராது. கவனித்துக்கொள்ள ஓர் ஆளைக் கொடுத்துப் பாருங்கள். கார் ஒத்துக்கொள்ளாத மாமா எல்லார் வீட்டிலும் ஒருத்தர் இருப்பார்.

அவரை மட்டும் முன் சீட்டில் உட்கார வைத்துவிடாதீர்கள்.