அட்டைகளுக்கு நாற்பது நாள்

தான் ஆகிவிட்ட ஒன்றை விட்டுவிட்டு, ஓர் உயிர் மறுபடி முதலிலிருந்து தொடங்க முடியுமா? கற்பிட்டியில் கடல் அட்டைக் குஞ்சு பொரிக்கும் நிலையத்தில் வேலை செய்த மர்ஷூதாவிடம் இந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை. அவளும் யாரிடமும் கேட்டதில்லை. ஆனால் அவளைக் கொஞ்சக் காலம் பக்கத்தில் இருந்து பார்த்தவர்களுக்கு, அவள் வாழ்ந்த விதமே இதைக் கேட்டுக்கொண்டிருப்பது போலத் தோன்றியிருக்கும்.

புலிகள் முஸ்லிம்களை வடக்கிலிருந்து வெளியேற்றிய தொண்ணூறாம் ஆண்டு, மன்னார்த் தீவிலிருந்து வந்த வள்ளம் கற்பிட்டிக் கரையில் அவளை இறக்கியபோது அவளுக்கு ஐந்து வயது. அதன் பிறகு அவள் பலதாக ஆனாள். முகாம் கொட்டிலில் தம்பிமாரைத் தூக்கித் திரிந்தாள். வெங்காயத் தோட்டத்தில் களை பிடுங்கினாள், மீன் வாடியில் கருவாடு காயப்போட்டாள், மீன்பிடிக்கும் ஜவ்பருக்கு மனைவியானாள். வாப்பாவை இந்த ஊர்ப் பள்ளி மையவாடியில்தான் அடக்கினார்கள். முப்பத்தைந்து வயதில் பதுர்தீன் ஹாஜியாரின் நிலையத்தில் தொட்டி கழுவச் சேர்ந்தவள், இரண்டு வருடத்தில் முட்டைகளைப் பெரிதாக்கிக் காட்டும் நுணுக்குக்காட்டிக்கு முன்னால் கதிரை போட்டு அமர்ந்துவிட்டாள். பெரிய குணசாலி என்று சொல்ல முடியாது. சட்டென்று கோபம் வரும், மன்னிக்க நாள் எடுக்கும். ஆனால் முட்டை எண்ணுவதில் ஒரு தடவையும் பொய் சொன்னதில்லை.

அந்த வேலை அவளுக்குப் பிடித்திருந்தது. அட்டையின் முட்டை கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத ஒரு பொட்டு. ஒரு துளி நீரில் வைத்துப் பார்த்தால் உருண்டையாக நிற்கும். கொஞ்ச நேரத்தில் நடுவே ஒரு கோடு விழும், ஒன்று இரண்டாகும். பிறகு நாலு, எட்டு. முட்டை பெரிதாவதில்லை, உள்ளேதான் பங்கு பிரிகிறது. எல்லாப் பங்கும் ஒன்றைப் போலவே இருக்கும். எந்தப் பங்கு தோலாகும், எந்தப் பங்கு குடலாகும் என்று அந்த நேரத்தில் எவராலும் பார்த்துச் சொல்ல முடியாது. மர்ஷூதா அந்த நேரத்தைத்தான் அதிகம் பார்த்துக்கொண்டிருப்பாள்.

போன வருடம் ஹாஜியார் ஒரு நாள் அவளைக் கூப்பிட்டுச் சொன்னார்:

“மன்னார்ப் பக்கம் இன்னொரு நிலையம் போடப் போறன். உன்ட ஊர்தானே. நீயே பொறுப்பா நில்லு. இந்த முறை தாய் அட்டைகள் நல்லாக் குஞ்சு தந்தா, அந்தக் குஞ்சோடயே போகலாம்.”

அன்று வீட்டில் அவள் சோற்றுக்கு இரண்டு தரம் உப்புப் போட்டாள். ஜவ்பர் தண்ணீர் குடித்துக் குடித்துத் தின்றான். மன்னாரில் வாப்பாவின் வீட்டு வளவில் கிணறு இன்னும் தூராமல் இருக்கிறது என்பதை அவள் பல வருடமாகச் சொல்லி வந்தாள். அந்தக் கிணற்றை அவள் ஒரே ஒரு தடவைதான் போய்ப் பார்த்திருந்தாள்.

தாய் அட்டைகள் வாங்க உச்சமுனைக்கு அவளே படகில் போனாள். முக்குளிப்பவர்கள் கடற்புல்லுக்குள்ளிருந்து எடுத்து வைத்திருந்த இருபத்து நாலு வெள்ளை அட்டைகளை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்து வாங்கினாள். திரும்பும்போது வெயில் கொளுத்தியது. அட்டைகள் இருந்த தொட்டிகளை மூட ஏதாவது வேண்டும். படகில் சாக்குகள் கிடந்தன. உப்பு மூட்டைச் சாக்கு இல்லாத வீடு அந்தக் கரையில் கிடையாது. வாசலில் கால் துடைக்கவும், கோழிக்கூட்டை மூடவும், சைக்கிள் கரியரில் மடித்துப் போடவும் அதுதான். மர்ஷூதா இரண்டை எடுத்துக் கடலில் நனைத்துத் தொட்டிகளின் மேல் விரித்தாள். அந்தக் கரையில் பிறந்து வளர்ந்த எவரும் அதைத்தான் செய்திருப்பார்கள்.

சாக்கின் இழைகளுக்குள் இறுகிப்போயிருந்த உப்பு வழி நெடுகக் கரைந்து தொட்டிக்குள் சொட்டியது.

நிலையத்தில் சாக்கை நீக்கியவள் ஸஹ்னா. பள்ளிவாசல்துறைப் பெண், இருபத்தாறு வயது, வாய் ஓயாது.

“ராத்தா, இதென்ன இது? நூடில்ஸ் மாதிரி மெதக்குது?”

மர்ஷூதா எட்டிப் பார்த்தாள். மஞ்சள் மஞ்சளாக, நூல் நூலாக, தொட்டி முழுவதும் குடல். தாங்க முடியாத இடத்தில் கடல் அட்டை தன் உள்ளுறுப்புகளை வெளியே தள்ளிவிடும். இருபத்து நாலும் தள்ளியிருந்தன.

செய்தி கேட்டு வந்த ஹாஜியார் முதலில் விரலைத் தண்ணீரில் தோய்த்து நாக்கில் வைத்தார். அவருடைய குடும்பம் மூன்று தலைமுறையாக உப்பளம் செய்த குடும்பம்.

“யார் போட்ட சாக்கு?”

“நான்தான் ஹாஜியார்.”

“அடுப்ப மூட்டுங்க. அவிச்சுக் காயவெச்சு வித்தாவது காசெடுப்பம்.”

“சாகல்ல ஹாஜியார். தொட்டா சுருங்குது, பாருங்கோ” என்றாள் மர்ஷூதா, ஒன்றைக் கையில் எடுத்து.

ஃபாஹிம் தயங்கித் தயங்கி வாய் திறந்தான். பல்கலைக்கழகத்தில் உயிரியல் படித்துவிட்டு அங்கே தொழில்நுட்பம் பார்த்த பையன்.

“திரும்ப முளைக்கும் ஹாஜியார். நாள் எடுக்கும். ஆனா எல்லாம் தப்புமெண்டு சொல்லேலா.”

“குடல் இல்லாம எப்புடிடா ஹயாத்தோட ஈக்குற?”

“சில ஆம்புளைங்க மூளை இல்லாம ஈக்கல்லியா?” என்றாள் ஸஹ்னா தொட்டிக்குப் பின்னால் இருந்து, யாருக்கும் கேட்காது என்ற நினைப்பில்.

மர்ஷூதாவுக்குச் சிரிக்கும் நிலை இல்லை. கையிலிருந்த அட்டையைத் தண்ணீருக்குள் விட்டாள்.

“புள்ள பெத்தவளுக்கு நாப்பது நாள் குடுக்கிறந்தானே ஹாஜியார். இதுகளுக்கும் ஒரு நாப்பது நாள் தாங்கோ.”

ஹாஜியார் விரலைச் சாரத்தில் துடைத்தார்.

“மருந்துச் சரக்கும் அரைச்சுக் குடுக்கப் போறியோ?” என்றார். பிறகு, “சரி, நாப்பது. நாப்பத்தொண்டுல அடுப்பு. மன்னார்க் கதையும் அதோட முடிஞ்சுது” என்று சொல்லிவிட்டுப் போனார்.

அட்டை மணலைத் தின்று, அதிலுள்ள சத்தை எடுத்துக்கொண்டு, மிச்சத்தைக் கயிறு கயிறாகக் கழிக்கிற உயிர். தொட்டியின் அடியில் அந்த மணல் கயிறு தெரிந்தால் குடல் வந்துவிட்டது என்று அர்த்தம். ஆகவே அந்த நாற்பது நாளும் மர்ஷூதா காத்திருந்தது அட்டைப் பீக்காக. விடியலில் சுபஹு தொழுதுவிட்டு வந்தால் முதல் வேலை குனிந்து அடி மணலைப் பார்ப்பது. துணியில் வடித்த கடல்நீரை மாற்றுவாள். ஊட்டுவதற்கு ஒன்றும் இல்லை. வாங்கிக்கொள்ள வயிறு இருந்தால்தானே. பேசுவாள், அது மட்டும் செய்யக் கூடியதாக இருந்தது. அட்டைகளிடம் அவள் பேசிய தொனியில் ஜவ்பரிடம் பேசி யாரும் கேட்டதில்லை என்று ஸஹ்னா ஊரெல்லாம் சொன்னாள்.

ஆறாம் நாள் இரண்டு செத்தன. பதினாலாம் நாள் இன்னொன்று. அதை ஃபாஹிம் அறுத்தான். உள்ளே வெறுமையாக இருக்கும் என்று மர்ஷூதா நினைத்திருந்தாள். வாய்ப் பக்கத்திலிருந்து ஒரு மெல்லிய நூலும், பின் பக்கத்திலிருந்து இன்னொரு நூலும், நடுவில் சந்திக்கிற மாதிரி வந்துகொண்டிருந்தன.

“ரெண்டு பக்கத்தாலயும் ரோட்டுப் போடுறானுகள்” என்றாள் ஸஹ்னா.

ஃபாஹிம் அந்த நூலின் நுனியில் ஒரு துண்டை வெட்டிக் கண்ணாடியில் வைத்தான். மர்ஷூதா குனிந்து பார்த்தாள். முட்டை பிரியும்போது பார்க்கிற உயிர்க்கலங்களைப் போலவே, ஒன்றுக்கொன்று வித்தியாசம் இல்லாமல் நெருங்கிக் கிடந்தன.

“இதெல்லாம் எங்க இருந்து வந்தது தம்பி?”

“பக்கத்தில இருந்த தசைக்கலம் ராத்தா. தசையா இருந்தது, தசைக்கான சாமானையெல்லாம் கழட்டிப் போட்டுட்டு இளகிப் போகுது. பொறவு பிரியுது. பிரிஞ்சு பிரிஞ்சு நெறைய ஆனாப் பொறவுதான் குடலா மாறுது.”

“குடலா மாறோணுமெண்டு அதுக்கு யார் சொல்ற?”

“பக்கத்தில உள்ள கலங்கள்தான். எந்த எடத்தில நிக்குதோ, யார் பக்கத்தில நிக்குதோ, அதப் பொறுத்துத்தான்.”

“அப்ப பழைய குடல் திரும்பி வருது?”

“இல்ல ராத்தா. எடம் அதேதான். குடல் புதுசு.”

மர்ஷூதா கண்ணை எடுக்கவில்லை. ஃபாஹிம் இளம் வயதுக்காரன். தான் கண்டுபிடித்ததைச் சொல்லாமல் அவனால் இருக்க முடியவில்லை.

“உங்கட கதை மாதிரித்தான் ராத்தா, என்ன? எல்லாத்தயும் வுட்டுட்டு வந்து, இங்க திரும்ப…”

“நான் ஒண்டும் குடலக் கொட்டிட்டு வரல்ல” என்றாள் அவள். “உம்மாட சீலையப் புடிச்சிட்டு வந்தன். தண்ணிய மாத்து, போ.”

முப்பதாம் நாள் மணலில் ஒன்றும் இல்லை. முப்பத்து நாலிலும் இல்லை. ஸஹ்னாகூடப் பகிடி விடுவதை நிறுத்திவிட்டாள். மர்ஷூதா வீட்டில் மன்னார் என்ற சொல்லை எடுக்கவில்லை. ஜவ்பர் ஒரு மாலை தானாகவே, “கெணறு எங்கயும் போகாது, மர்ஷூதா” என்றான். அவள் அரிசியைக் களைந்துகொண்டே இருந்தாள்.

முப்பத்தாறாம் நாள் காலையில் ஸஹ்னாவின் கூச்சல் வெளிவாசல்வரை கேட்டது.

“ராத்தா! பீ! பீ போட்டிருக்கு!”

பென்சில் ஈயம் போல ஒல்லியாக, விரல் நீளத்துக்கு, ஒரு மணல் கயிறு. மர்ஷூதா தொட்டி விளிம்பில் கையூன்றி நின்றாள். தகவல் போய் ஹாஜியார் வந்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார்.

“அல்ஹம்துலில்லாஹ். பீயப் பாத்து அல்லாஹ்வுக்கு சுக்குர் செஞ்சது என்ட ஹயாத்துலயே இண்டைக்குத்தான்.”

நாற்பதாம் நாள் இருபத்தொரு அட்டைகளும் கழித்தன. சினை பிடிக்க இன்னும் ஏழு மாதம் ஆனது. ஒரு பின்னேரம் தண்ணீரைச் சற்றுச் சூடாக்கிவிட்டுக் காத்திருந்தபோது, முதலில் ஆண்கள், பிறகு பெண்கள், ஒவ்வொன்றாக முன்பாதியை நிமிர்த்தி எழும்பி மெதுவாக ஆடின. நீர் கலங்கியது. மர்ஷூதா ஒரு துளி எடுத்து வைத்தாள். ஒன்று, இரண்டு, நாலு. ஸஹ்னா தோளுக்கு மேலால் எட்டிப் பார்க்க, மர்ஷூதா வழக்கத்துக்கு மாறாகக் கதிரையை விட்டெழுந்து அவளை உட்கார வைத்தாள்.

“எண்ணு. வாயால எண்ணாத, கண்ணால எண்ணு.”

அடுத்த நாள் அந்த உருண்டைகள் நீந்தித் திரிந்தன. ஒரு பக்கத்துக் கலங்கள் மட்டும் உள்ளே மடங்கி ஒரு குழியாகியிருந்தன. குடல் அங்கேதான் தொடங்குகிறது என்றான் ஃபாஹிம். மர்ஷூதா வாய்க்குள் சிரித்தாள்.

குஞ்சுகள் நன்றாக வந்தன. ஹாஜியார் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார்.

“பெருநாள் கழிஞ்ச ஒடனே மன்னாருக்குப் போ, புள்ள. வீடும் பாத்து வெச்சிருக்கன், உங்க வாப்பாட வளவுக்குக் கிட்ட.”

மர்ஷூதா ஈரக் கையைச் சீலையில் துடைத்தாள்.

“ஸஹ்னாவ அனுப்புங்கோ ஹாஜியார். அவளுக்கு எண்ணத் தெரியும்.”

ஹாஜியார் காரணம் கேட்டார். “வளவு அங்க. வாப்பா இங்கதானே” என்றாள். அன்று வீட்டில் ஜவ்பர் கேட்டான்; அவள் அவனுடைய சோற்றுக் கோப்பையில் மீன் துண்டை வைத்தாள். ஃபாஹிம் கேட்கவில்லை. தனக்குத் தெரியும் என்று அவன் நினைத்திருக்கலாம். தெரிந்திருக்கவும் கூடும், தெரியாமலும் இருக்கலாம்.

குஞ்சுகளோடு லொறி புறப்பட்ட காலையில், நன்னீரில் மூன்று தரம் அலசிக் காயவைத்த வெள்ளைப் பருத்தித் துணிகளை மர்ஷூதா மடித்துக் கொண்டுவந்து ஸஹ்னாவின் மடியில் வைத்தாள்.

“தொட்டிய இதால மூடு. சாக்குப் போட்டாயெண்டு கேள்விப்பட்டா, அங்க வந்து மண்டைய ஒடப்பன்.”

“அப்ப வருவீங்க, என்ன?” என்றாள் ஸஹ்னா.

மர்ஷூதா லொறியின் கதவைச் சாத்தினாள். உள்ளே போய், கதிரையை இழுத்துப் போட்டு, அன்றைய முதல் துளியின் மேல் குனிந்தாள்.