ஒற்றைக்கண் தலைப்பிரட்டையும் ஒரு ‘சரிங்க’வும்

தவளை முட்டைக்கு ஊசி போட்டவள் நான். கருத்தரங்குப் போஸ்டரில் பெயர் போட்டுக்கொண்டவர் என் சீனியர் செந்திலண்ணன். ஆய்வகங்களில் அவதிப்படும் சக ஜீவன்களே, உங்களுக்கும் இப்படி ஒன்று நடந்திருக்கும், கேளுங்கள்.

அரைமணி நேரம்

கருவுற்ற தவளை முட்டை ஒன்றரை மணி நேரத்தில் இரண்டாகப் பிரியும். அடுத்த பிளவுக்கு அரைமணி. அதற்குள் ஒரு பாதிக்கு மட்டும் மருந்து செலுத்த வேண்டும். கண் வளர்வதற்கான மரபணுக்களை முடுக்கிவிடுவது இன்னொரு மரபணு என்பது என் சந்தேகம். அதை ஒரு பக்கம் வாயடைத்தால் அந்தப் பக்கம் கண் வராது. மறுபக்கம் ஒப்பிட்டுப் பார்க்க. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு குத்தும்போது, தொட்டிகளைப் பராமரிக்கும் ஸ்டெல்லாக்கா எட்டிப் பார்த்தார்.

“ஏனுங்க அம்மணி, எம்புள்ளைக்கு ஊசி போட்ட நர்சம்மாகூட இத்தன நேரம் குறி பாக்கலீங்க!”

இடமா, வலமா?

மருந்தோடு பச்சையாக ஒளிரும் சாயமும் கலந்திருந்தேன். இடப்பக்கம் ஒளிர்ந்தவற்றைத் தனித் தட்டில் வளர்த்தேன். சில நாளில் தலைப்பிரட்டைகளாயின, இடக்கண் இல்லை! ஆனால் செந்திலண்ணன் எடுத்த போட்டோவில் வலக்கண்ணைக் காணோம். “மருந்து போகாத பக்கம் கெட்டிருக்கு. தட்டக் கொட்டிப்போடு” என்றார். அத்தனை மாத உழைப்பு!

தட்டைப் பிடுங்கி மைக்ராஸ்கோப்பில் வைத்தேன். பச்சை ஒளி இருந்தது கண்ணில்லாத பக்கத்தில்தான். மனுஷன் தலைப்பிரட்டையை மல்லாக்கப் போட்டுப் படம் எடுத்திருக்கிறார், இடம் வலமாகிவிட்டது. கேட்டதற்கு வந்த பதில்:

“தலைப்பிரட்டையே ஒண்ணுஞ் சொல்லல, நீ எதுக்குக் கத்தறே?”

சார் அறை

எங்கள் கைடு சென்னைக்காரர். யாரிடமோ போனில் பேசிக்கொண்டே என்னிடம், “செந்தில் ரிசல்ட்டைக் காட்டினான், அவன் பேர்ல போஸ்டர் போடறோம். உனக்கு நன்றி போட்டுடலாம்மா” என்றார். “சரிங்க” என்றேன்.

நம்மூரில் சரிங்க என்றால் காதில் விழுந்தது என்று அர்த்தம். காந்திபுரம் பஸ்ஸில் கண்டக்டர் உள்ளே போகச் சொன்னாலும் சரிங்க, யாரும் நகர்வதில்லை. கோபியிலிருந்து அப்பா மாப்பிள்ளை பார்த்திருப்பதாகச் சொன்னாலும் சரிங்கப்பா. அதற்காகக் கல்யாணமா செய்துகொண்டேன்? மறுநாள் சார் கம்ப்யூட்டரில் போஸ்டரைப் பார்த்தேன். ஆசிரியர் செந்தில் மட்டும். நான் அடியில், எறும்பு சைஸில். ஓடிப்போய்க் கேட்டேன்.

“நீதானேம்மா சரிங்கன்னு சொன்னே?”

அச்சுக்குப் போகும் முன்

அன்று மாலை போஸ்டர் அச்சுக்குப் போகிறது. செந்திலண்ணன் பக்கத்தில் நிற்க, தட்டையும், ஊசி போட்ட கணக்கெல்லாம் நான் எழுதிய நோட்டையும் சார் மேஜையில் வைத்தேன்.

“சார், எல்லா செல்லுலயும் எல்லா மரபணுவும் இருக்கு, இருக்கறது வேற, வேலை செய்யறது வேறன்னு நீங்கதானுங்க பாடம் எடுத்தீங்க. எங்க வாயில சரிங்க எப்பவும் இருக்குமுங்க. அது எப்ப வேலை செய்யுதுன்னு பாக்கோணுமில்லீங்களா?”

சார் நோட்டைப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். “ஊசி போட்டது யாரு செந்தில்?” தண்ணீர் மாற்ற வந்த ஸ்டெல்லாக்கா வாசலில் நின்றே, “அம்மணிதானுங்க, நான் பாத்தனுங்க” என்றார்.

சார் கம்ப்யூட்டரில் போஸ்டரைத் திறந்து என் பெயரை முதலில் தட்டினார். “செந்தில், நீ ரெண்டாவது. சம்மதமா?”

போஸ்டர் அச்சகத்துக்குப் போய்ச் சேரும்வரை அந்தக் கம்ப்யூட்டரை விட்டு நான் நகரவில்லை, ஏனென்றால் செந்திலண்ணனும் நம்மூர்ப் பக்கம்தான், பொள்ளாச்சிக்காரர், அவர் சொன்ன பதில்: “சரிங்க.”